எத்தனை நிமிடம் நடக்கிறீர்கள்? இடுப்பு ஸ்டெனோசிஸ் கேள்வி-பதில்

இந்த முறை சிங்கப்பூர் வாசகர்களிடமிருந்து வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஸ்டெனோசிஸ் பற்றித்தான், அதாவது முதுகெலும்புக்குள் நரம்பு போகும் குழாய் குறுகிப்போவது. எம்ஆர்ஐ அறிக்கையைப் படம்பிடித்து நாலு பக்கம் அனுப்புகிறீர்கள், ஆனால் எத்தனை நிமிடம் நடந்தால் கால் மரக்கத் தொடங்குகிறது என்று எழுதியவர்கள் இரண்டே பேர். பிசியோதெரபி செய்கிற எனக்கு முதலில் வேண்டியது அந்த நிமிடக் கணக்குதான்.

தெம்பனிஸ், 67 வயது: எல்4-எல்5 இடத்தில் (இடுப்பின் நான்காவது, ஐந்தாவது முள்ளெலும்புகளுக்கு நடுவே) "கடுமையான சுருக்கம்" என்று அறிக்கையில் இருக்கிறது. ஏழு நிமிடம் நடந்தால் இரண்டு காலும் கனக்கிறது. பயந்து நடையை நிறுத்திவிட்டேன். சரிதானே?

சரியில்லை ஐயா. நிமிடம் எழுதிய இரண்டு பேரில் ஒருவர் நீங்கள், அதற்கு நன்றி, ஆனால் நடையை நிறுத்தியது தப்பு. அறுபதைத் தாண்டியவர்களைப் படம் எடுத்தால் வலியே இல்லாத பலருக்கும் சுருக்கம் தெரியும். படத்தில் உள்ள வார்த்தைக்கும் காலில் உள்ள வலிக்கும் நேர்க்கணக்கு கிடையாது. ஏழில் கனக்கிறதென்றால் ஐந்திலேயே உட்காருங்கள். புளோக் கீழே இருக்கும் பெஞ்ச், பஸ் ஸ்டாப், எதுவானாலும் சரி. முழங்கையை முழங்காலில் ஊன்றி இரண்டு மூன்று நிமிடம் முன்னால் சாய்ந்திருங்கள், கால் லேசானதும் மறுபடி ஐந்து. இப்படி நான்கு தடவை. வாராவாரம் நிமிடத்தைக் குறித்து வையுங்கள். நடக்காமல் விட்டால் தொடைத் தசை கரையும், அப்புறம் கால் கனப்பது சுருக்கத்தாலா பலவீனத்தாலா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

ஈசூன்: சூப்பர்மார்க்கெட்டில் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டால் ஒரு மணி நேரம்கூட நடக்கிறேன், வெளியே வந்தால் பத்து நிமிடம்தான். மனப்பிரமை என்கிறார் வீட்டுக்காரர்.

பிரமை இல்லை அம்மா. முன்னால் சாய்ந்தால் நரம்புக் குழாய் கொஞ்சம் விரிகிறது, நிமிர்ந்தால் குறுகுகிறது. இதே காரணத்தால்தான் பலருக்கு மேடு ஏறுவது சுலபமாகவும் இறக்கம் கஷ்டமாகவும் இருக்கும். டாக்டரிடம் முதல் வாக்கியமாக இதைச் சொல்லுங்கள், பாதி நோய்க்கணிப்பு அதிலேயே இருக்கிறது.

பொங்கோல், 70 வயது: வாட்ஸ்அப்பில் வந்த வீடியோவைப் பார்த்து இரண்டு வாரமாகப் புஜங்காசனம் செய்கிறேன். மரமரப்பு கூடியிருக்கிறது. தொடர்ந்து செய்தால் பழகிவிடுமா?

பழகாது. இன்றே நிறுத்துங்கள்.

இந்த வீடியோவோடு எனக்குப் பல வருடத்துச் சண்டை. போன மாதம் ஒரு பாட்டி என்னிடம் வந்தார். என்ன செய்கிறீர்கள், காட்டுங்கள் என்றேன். குப்புறப் படுத்து, கையை ஊன்றி, மார்பை உயர்த்தினார். இருபது எண்ணுவதற்குள் வலது பாதம் விரிப்பைப் பிறாண்ட ஆரம்பித்துவிட்டது. "இப்படித்தான் சுருசுருன்னு இழுக்கும், நரம்பு வேலை செய்யுது போல" என்றார், முகத்தில் அவ்வளவு நம்பிக்கை. நரம்பு நசுங்கிக்கொண்டிருந்தது. பின்னால் வளையும்போது குழாயின் பின்பக்கத்து லிகமென்ட் (எலும்புகளைப் பிணைக்கும் நார்) உள்ளே மடியும், டிஸ்க்கும் கொஞ்சம் பிதுங்கும், ஏற்கெனவே குறுகிய இடம் இன்னும் குறுகும். டிஸ்க் விலகிய முப்பது வயதுக்காரர் சிலருக்கு இதே அசைவு நல்லது செய்யும், அதனால்தான் வீடியோ சுற்றுகிறது. ஆசனத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. வயது என்ன, நோய் என்ன என்று கேட்காமல் "முதுகு வலியா, இதைச் செய்யுங்கள்" என்று அனுப்புகிறவர்கள் மேல்தான்.

பதிலுக்கு இதைச் செய்யுங்கள். மல்லாந்து படுத்து ஒரு முழங்காலை மார்புப் பக்கம் இழுத்து இருபது, முப்பது நொடி, அப்புறம் மறுகால். முழங்காலை மடித்தபடியே வயிற்றை உள்ளிழுத்து இடுப்பைத் தரையோடு அழுத்திப் பத்து தடவை. நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருவது பத்து தடவை. நின்ற இடத்து சைக்கிள் கிடைத்தால் இன்னும் நல்லது, ஓட்டும்போது உடம்பு தானாகவே முன்னால் சாயும். எலும்பு அடர்த்தி குறைந்தவர்கள் உட்கார்ந்து குனிகிற பயிற்சி பக்கமே போக வேண்டாம், மல்லாந்து படுத்துச் செய்வது போதும். எதைச் செய்தாலும் மரமரப்பு காலில் கீழே இறங்கினால் அந்த அசைவு உங்களுக்கு ஆகாது.

பிடோக், சர்க்கரை 20 வருடம், புகைப்பழக்கம் உண்டு: நடந்தால் கெண்டைக்கால் பிடிக்கிறது, அப்படியே நின்றால் ஒரு நிமிடத்தில் விட்டுவிடுகிறது. ஸ்டெனோசிஸ்தானே?

எனக்கு ரத்தக் குழாய் மேல்தான் சந்தேகம். ஸ்டெனோசிஸ்காரருக்கு நின்றால் தீராது, உட்கார வேண்டும், குனிய வேண்டும். நின்ற மாத்திரத்தில் தீர்ந்தால் காலுக்கு ரத்தம் போதாமல் இருக்கலாம். பலதுறை மருந்தகத்தில் பாத நாடியையும் கணுக்கால் அழுத்தத்தையும் பார்க்கச் சொல்லுங்கள், தள்ளிப்போடாதீர்கள். இரண்டும் சேர்ந்தே இருப்பவர்களும் உண்டு. சிகரெட் இரண்டுக்குமே எதிரி.

ஜூரோங் வெஸ்ட்: இடுப்பு பெல்ட்டை எவ்வளவு நேரம் போடலாம்?

சமையலுக்கு, துணி தேய்க்க, ஒரு மணி நேரம். அப்புறம் கழற்றுங்கள்.

பெயர், வயது, ஊர் எதுவும் இல்லை: வருடா வருடம் தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கிறேன். இந்த வருடம் ஸ்டெனோசிஸ் என்கிறார்கள். எடுக்கலாமா?

நிமிடக் கணக்கு எழுதாமல் கேட்டால் நான் என்ன சொல்ல? சிராங்கூன் ரோடு பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயில்வரை மூன்று கிலோமீட்டருக்கு மேல். நடையைவிட வரிசையில் நிற்பதுதான் உங்களைப் படுத்தும், தலையில் குடம் வைத்துக் கையை உயர்த்தினால் இடுப்பும் பின்னால் வளையும். இரண்டு மூன்று மாதம் முன்பே, நடுநடுவே உட்கார்ந்து நடக்கும் பயிற்சியைத் தொடங்குங்கள். உட்கார்ந்து உட்கார்ந்தாவது ஒரு மணி நேரம் நடக்க முடிந்தால், கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்து, மடக்கு நாற்காலியோடு ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். முடியாவிட்டால் குடத்தை மகளிடம் கொடுங்கள். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

அங் மோ கியோ: முதுகில் ஊசி போட்டால் நிரந்தரமாகத் தீருமா?

தீராது. சிலருக்கு வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் வலி குறையும், சிலருக்கு ஒன்றும் தெரியாது. சர்க்கரை இருந்தால் சில நாள் ஏறும், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டால் முன்பே சொல்லிவிடுங்கள். வலி குறைந்த நாட்களில் படுத்திருக்காமல் நடையைக் கூட்டுங்கள், ஊசியின் பலனே அதுதான்.

காலாங், 74 வயது: ஆபரேஷன் வேண்டும் என்கிறார் டாக்டர். இந்த வயதில் தேவையா?

வயதைப் பார்க்காதீர்கள், காலைப் பாருங்கள். பயிற்சி செய்தும் நடக்கும் நிமிடம் குறைந்துகொண்டே வருகிறதா, பாதம் தொங்குகிறதா? அப்படியானால் யோசிக்கத்தான் வேண்டும். நரம்பின் மேலுள்ள அழுத்தத்தை மட்டும் எடுக்கிறார்களா, ஸ்க்ரூவும் போடுகிறார்களா, போட்டால் ஏன் என்று கேளுங்கள். கால் வலி குறையும் அளவுக்கு முதுகு வலி குறையும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

பொத்தோங் பாசிர், 38 வயது: அப்பாவுக்கு இருக்கிறது, எனக்கு வராமல் தடுக்க?

வயதால் வரும் தேய்மானத்தை முழுக்கத் தடுக்க முடியாது. எடை, புகை, தொடர்ந்து உட்காருவது, இந்த மூன்றும் உங்கள் கையில். அரை மணிக்கு ஒரு தடவை எழுந்திருங்கள், வாரம் இரண்டு நாள் காலுக்கும் வயிற்றுக்கும் பலப் பயிற்சி.

கடைசியாக, உட்லண்ட்ஸிலிருந்து ஒரு மகள். அம்மாவுக்கு இரண்டு நாளாகச் சிறுநீர் சரியாக இறங்கவில்லை, தொடையிடுக்கு மரத்திருக்கிறது, அடுத்த இதழில் பதில் எழுதுங்கள் என்று கேட்டிருந்தார். இதழுக்குக் காத்திருக்கும் கேள்வியா இது? படித்த நிமிடமே பதில் அனுப்பினேன், இப்போதே அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள் என்று. முன்பும் எழுதியிருக்கிறேன், மறுபடி எழுதுகிறேன்: சிறுநீர் அடைப்பு, மலம் தெரியாமல் போவது, உட்காருமிடம் மரப்பது, இரண்டு காலும் திடீரெனத் தளர்வது, இதில் ஒன்று வந்தாலும் மசாஜும் வேண்டாம், கடிதமும் வேண்டாம், உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள், நடக்க முடியாவிட்டால் 995-ஐ அழைத்து ஆம்புலன்ஸ் கூப்பிடுங்கள். தாமதித்தால் சிறுநீர்ப்பை பழைய நிலைக்குத் திரும்பாமலே போகலாம். சட்டைப் பொத்தான் போட விரல் ஒத்துழைக்காமல் நடையும் தள்ளாடினால் அது கழுத்து ஸ்டெனோசிஸாக இருக்கலாம், அதற்கும் டாக்டரைப் பார்க்கும்வரை யாரையும் கழுத்தைத் திருக விடாதீர்கள்.