இரண்டாம் விசாரணைக்குப் போகும் முன் முதல் வாக்குமூலத்தைச் சரிசெய்யுங்கள்

சிங்கப்பூர் ஈசூனிலிருந்து ஒரு வாசகர் நான்கு பக்கக் கடிதம் அனுப்பியிருக்கிறார். மனைவி காணாமல் போய் மூன்று வாரம். பிள்ளைகளை மாமியார் தம் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். மச்சான் ஃபேஸ்புக்கில் "கொலைகாரன்" என்று எழுதிக்கொண்டிருக்கிறார். விசாரணை அதிகாரி வருகிற வியாழக்கிழமை மறுபடியும் வரச் சொல்லியிருக்கிறார். "நான் எந்தத் தப்பும் செய்யவில்லை. போகாமல் இருக்கலாமா? மச்சான்மேல் மானநஷ்ட வழக்குப் போடலாமா?" இவை அவர் கேள்விகள்.

ஐயா, உங்கள் கடிதத்தில் சட்டத்துக்கு வேண்டியது மூன்றாம் பக்கத்தில் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரிதான். அன்று சனிக்கிழமை காலை 9 மணிக்கு மனைவியைக் கடைசியாகப் பார்த்ததாகப் போலிசிடம் சொன்னீர்கள். உண்மையில் மதியம் அவர் கடப்பிதழை எடுக்கத் திரும்பி வந்திருக்கிறார். புளோக் கீழ்த்தளத்தில் வாக்குவாதம், நீங்கள் கையைப் பிடித்து இழுத்தீர்கள், வளையல் உடைந்தது. "அது குடும்ப விஷயம், அதனால் சொல்லவில்லை" என்கிறீர்கள்.

மற்றதெல்லாம் இப்போதைக்கு ஓரமாக இருக்கட்டும். நகையை யார் அடகு வைத்தது, மச்சான் வாங்கிய கடனை ஏன் திருப்பவில்லை என்றெல்லாம் நீங்கள் விளக்க விளக்க, எதிரே இருப்பவர் அதைச் சண்டைக்கான காரணம் என்றுதான் குறித்துக்கொள்வார்.

போகாமல் இருக்க முடியாது. எழுத்துமூலம் அழைத்தும் வராதவரைக் கொண்டுவர நீதிமன்றம் பிடியாணை தரலாம். போன பிறகு என்ன சொல்லலாம் என்பதில்தான் பலர் குழம்புகிறார்கள். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 22ஆம் பிரிவின்படி உங்களுக்குத் தெரிந்ததை உண்மையாகச் சொல்லியாக வேண்டும். உங்களைக் குற்றச்சாட்டுக்கு ஆளாக்கக்கூடிய விவரத்தை மட்டும் சொல்லாமல் இருக்கலாம். ஆனால் அந்த உரிமை இருப்பதை அதிகாரி உங்களுக்குச் சொல்லித்தர வேண்டிய கட்டாயமில்லை. 1992இல் மஸ்லான் வழக்கிலேயே இது முடிவாகிவிட்டது. விசாரணை அறையில் வழக்கறிஞர் பக்கத்தில் உட்காரவும் மாட்டார். பேசாமல் இருக்க வழி உண்டு, பொய் சொல்ல வழி இல்லை. நீங்கள் இரண்டாவதைச் செய்துவிட்டீர்கள்.

பொய்த் தகவல் தந்தால் தண்டனைச் சட்டம் 182ஆம் பிரிவின்படி இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். அந்தப் பொய்யால் குறிப்பிடத்தக்க பாதிப்பு ஏற்பட்டாலோ ஏற்பட வாய்ப்பிருந்தாலோ பொதுவாகச் சிறைதான் என்று 2016இல் கோ யோங் சியா வழக்கில் உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. காணாமல் போனவரைத் தேடும் வேலையில் மூன்று மணி நேரம் தவறிப்போவது சின்னப் பாதிப்பு இல்லை.

அதைவிடப் பெரிய ஆபத்து வேறு. என்னிடம் வருகிறவர்களில் பலரும் பொய் சொல்வது குற்றத்தை மறைக்க அல்ல, வெட்கத்தை மறைக்க. மனைவியைக் கை நீட்டியது, குடித்தது, வேறொரு பெண்ணுக்குப் போன் செய்தது, இப்படி ஏதோ ஒன்று. பிறகு கேமரா பேசுகிறது. 2012 முதல் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்குகளில் மின்தூக்கி வாசல், படிக்கட்டு என்று போலிஸ் கேமரா பொருத்தியிருக்கிறார்கள். ஈசி லிங்க் பயண அட்டைப் பதிவு, போன் இருந்த இடம், குடிநுழைவுப் பதிவு எல்லாம் அவர்கள் கையில் வரும். நீங்கள் மறந்த நேரத்தை அவை மறக்காது. குற்றம் அம்பலமாகிவிடும் என்ற பயத்தில் சொன்ன பொய்யா, வேறு காரணத்துக்குச் சொன்ன பொய்யா என்று நம் நீதிமன்றங்கள் பார்க்கத்தான் செய்கின்றன. யோ சூன் போ வழக்கு இதற்கு வழிகாட்டி. ஆனால் நீங்களே முன்வந்து சொன்னால் அது விளக்கம். கேமராப் படத்தை மேசைமேல் வைத்த பிறகு சொன்னால் சாக்கு.

"சடலமே இல்லை, என்ன வழக்கு?" என்று நண்பர் ஒருவர் தைரியம் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த நண்பரிடம் இனி ஆலோசனை கேட்காதீர்கள். 1963இல் கடலில் காணாமல் போன ஒரு பெண்ணின் உடல் கடைசிவரை கிடைக்கவில்லை. அவரைக் கொன்றதாகச் சூழ்நிலைச் சான்றை மட்டும் வைத்து சன்னி ஆங் என்பவருக்கு 1965இல் மரண தண்டனை விதிக்கப்பட்டு, 1967இல் அது நிறைவேறியது. உங்களை அவரோடு சேர்க்கவில்லை. அந்த வாதம் இங்கே செல்லாது என்கிறேன்.

ஆகவே வியாழனுக்கு முன் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். கையைப் பிடித்து இழுத்ததே காயம் விளைவித்ததாகக் குற்றச்சாட்டு ஆகலாம் என்பதால், எதை எப்படிச் சொல்வது என்று தனியாக முடிவெடுக்காதீர்கள். மதியம் பார்த்ததை மட்டும் மறைக்கவே கூடாது.

அறைக்குள் ஒரு விஷயத்தில் கவனம். நீங்கள் தமிழில் "பன்னிரண்டு, பன்னிரண்டரை இருக்கும்" என்பீர்கள். மொழிபெயர்ப்பாளர் சொல்ல, அதிகாரி ஆங்கிலத்தில் தட்டுவார். நாலு மணி நேரம் கழித்து அதை வாசித்துக் காட்டும்போது "12.15" என்று நின்றிருக்கும். களைப்பில் தலையாட்டி, பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறவர்கள்தான் அதிகம். நிறுத்துங்கள். "இருக்கும்" என்று சொன்னேன், திருத்துங்கள் என்று கேளுங்கள். திருத்திய இடத்தில் சுருக்கக் கையெழுத்துப் போடுங்கள். எவ்வளவு நேரமானாலும் சரி.

"மகன் மாடியிலிருந்து பார்த்திருக்கலாம், அவனிடம் பேசட்டுமா?" என்று கேட்கிறீர்கள். கடிதத்திலேயே எனக்குப் பயம் தந்த வரி அதுதான். பத்து வயதுப் பையனுக்கு இதைச் சொல், அதைச் சொல்லாதே என்றால், நீதிக்குத் தடை ஏற்படுத்தியதாக 204ஏ பிரிவு வரும். ஏழு ஆண்டு வரை சிறை. பிள்ளைகள் பாட்டி வீட்டிலேயே இருக்கட்டும். மாமியாரிடம் சண்டை போடாமல், வாரம் ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன் என்று ஒத்துப்போங்கள். வழக்குப் போட்டு ஜெயிக்கும் நேரம் இதுவல்ல. மச்சான் எழுதியதைப் படம் பிடித்து வைத்துக்கொண்டு விட்டுவிடுங்கள். இப்போது மானநஷ்ட வழக்குப் போட்டால் குறுக்கு விசாரணைக்கு நீங்களே கூண்டில் ஏறி நிற்கிறீர்கள் என்று அர்த்தம்.

புகார் கொடுத்த மறுநாள் கூட்டுக் கணக்கிலிருந்த பணத்தை உங்கள் கணக்குக்கு மாற்றினீர்களே, அதை இப்போது அவசரமாகத் திருப்பிப் போட வேண்டாம். மனைவி எடுத்துவிடுவாரோ என்று பயந்தேன் என்கிறீர்கள். அது உண்மையானால், அவர் உயிரோடு இருப்பதாக நீங்கள் நினைத்ததற்கு அது ஒரு சான்று. வங்கிப் பதிவை எடுத்துக்கொண்டு போங்கள், அதிகாரி கேட்டால் காட்டுங்கள். போனில் இருக்கும் வாட்ஸ்அப் சண்டைகளையும் அப்படியே விடுங்கள். ஒரு குரல் பதிவைக்கூட அழிக்க வேண்டாம்.