மண்ணில் இருப்பதும் விண்ணிலிருந்து வருவதும் ஒரே புரோட்டானா?

கேள்வி: கோத்தகிரி அருகே எங்களுக்குச் சிறு தேயிலைத் தோட்டம் இருக்கிறது. மண் பரிசோதனையில் அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 4.2 என்று வந்ததால், ஹைட்ரஜன் அயனி மிகுந்துவிட்டது, டோலமைட் (ஒருவகைச் சுண்ணாம்புக் கல்தூள்) போடுங்கள் என்றார்கள். ஹைட்ரஜன் அயனி என்றாலே புரோட்டான்தான் என்கிறாள் பதினோராம் வகுப்புப் படிக்கும் என் மகள். ஊட்டி காஸ்மிக் கதிர் ஆய்வகத்தில் ஆராய்வதும் விண்ணிலிருந்து வரும் புரோட்டான்களைத்தானாம். இரண்டும் ஒன்றுதானா?
— வாசகி, கோத்தகிரி

பதில்: துகள் ஒன்றுதான், அது இருக்கும் நிலைதான் முற்றிலும் வேறு.

சாதாரண ஹைட்ரஜன் அணுவில் ஒரு புரோட்டானும் ஓர் எலக்ட்ரானும் மட்டுமே உண்டு. சோடியமோ கால்சியமோ எலக்ட்ரானை இழந்து மின்சுமையுள்ள அயனியாகும்போது உள்கூடுகளில் எலக்ட்ரான்கள் மிஞ்சுகின்றன. ஹைட்ரஜனிலோ இருந்த ஒன்றும் போய்விடுவதால் வெறும் அணுக்கரு, அதாவது புரோட்டான் மட்டுமே எஞ்சுகிறது. ஆகவே உங்கள் மகள் சொல்வது சரி. சிறு திருத்தம் ஒன்று உண்டு: நீரிலுள்ள ஹைட்ரஜன் அணுக்களில் ஏறத்தாழ 6,400-க்கு ஒன்று டியூட்டீரியம், அதன் அயனியில் புரோட்டானுடன் ஒரு நியூட்ரானும் இருக்கும். எலக்ட்ரானைக் கூடுதலாகப் பெற்ற எதிர்மின் ஹைட்ரைடு அயனியும் உண்டு என்றாலும், மண்ணின் அமிலத்தன்மைக்கு அது பொருந்தாது.

விண்ணிலிருந்து வரும் முதன்மைக் காஸ்மிக் கதிர்களில் பத்தில் ஒன்பது பங்கு புரோட்டான்களே. ஒளியின் வேகத்தை நெருங்கிப் பாயும் அவை எலக்ட்ரான் எதனுடனும் சேராமல் தனித்தே பயணித்து, வளிமண்டல அணுக்கருக்களில் மோதித் துகள்மழையாகச் சிதறுகின்றன. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் ஊட்டியில் சுமார் 2,200 மீட்டர் உயரத்தில் நடத்திவரும் கிரேப்ஸ்-3 ஆய்வுக்கூடத்தின் கருவிகள் பதிவு செய்வது அந்த இரண்டாம் நிலைத் துகள்களைத்தான். அவற்றைக் கொண்டே வந்து மோதிய துகளின் ஆற்றலையும் தன்மையையும் கணிக்கிறார்கள்.

உங்கள் தோட்டத்து மண்ணில் அப்படித் தனித்த புரோட்டான் ஒன்றுகூட இல்லை. காரணம் அதன் அளவு. புரோட்டானின் ஆரம் சுமார் 0.84 ஃபெம்டோமீட்டர், ஓர் அணு அதைவிட ஏறத்தாழ ஒரு லட்சம் மடங்கு பெரியது. அத்தனை சிறிய இடத்தில் ஒரு முழு நேர்மின்சுமை குவிந்திருப்பதால், அருகில் எந்த மூலக்கூறு இருந்தாலும் அதன் எலக்ட்ரான்களை நாடி அது ஒட்டிக்கொள்கிறது. மண்ணின் ஈரத்தில் அது நீர் மூலக்கூறின் ஆக்சிஜனோடு பிணைந்து ஹைட்ரோனியம் அயனியாகிறது; அதைச் சுற்றி மேலும் சில நீர் மூலக்கூறுகள் சூழ்கின்றன. அங்கும் அது நிலைத்திருப்பதில்லை. ஒரு மூலக்கூறு ஒரு புரோட்டானை ஏற்றுக்கொண்டு, மறுபுறம் தன்னிடமுள்ள வேறொரு புரோட்டானை அடுத்ததற்குக் கொடுக்க, ஒரு நொடியின் லட்சம் கோடியில் ஓரிரு பங்கு நேரத்திலேயே அது கைமாறிவிடுகிறது. வேதியியலில் ஹைட்ரஜன் அயனி என்று சுருக்கமாக எழுதுவது இந்த முழு ஏற்பாட்டையும் குறிக்கும் என்பதை மாணவர்கள் மனத்தில் கொள்வது மிக அவசியம் என்று கருதுகிறேன்.

பி.எச். அளவில் ஒன்று குறைந்தால் ஹைட்ரஜன் அயனியின் செறிவு பத்து மடங்கு கூடும். தேயிலை அமில மண்ணை விரும்பும் பயிர்தான், 4.5 முதல் 5.5 வரை அதற்கு ஏற்றது. உங்கள் மண் அதற்கும் கீழே போயிருக்கிறது. மலையின் கனமழை கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் அடித்துச் செல்ல, அந்த இடத்தை ஹைட்ரஜனும் அலுமினியமும் பிடித்துக்கொள்கின்றன. அம்மோனியம் சல்பேட் உரமும் ஒரு காரணமாகலாம்: மண் பாக்டீரியாக்கள் ஓர் அம்மோனியம் அயனியை நைட்ரேட்டாக மாற்றும்போது இரண்டு ஹைட்ரஜன் அயனிகள் வெளிப்படுகின்றன.

டோலமைட்டிலுள்ள கார்பனேட் ஒவ்வொன்றும் இரண்டு ஹைட்ரஜன் அயனிகளை ஏற்று, நீராகவும் கரியமில வாயுவாகவும் மாறுகிறது. புரோட்டான்கள் அழிவதில்லை, நீர் மூலக்கூறுக்குள் உறுதியாகப் பிணைக்கப்படுவதால் அவற்றால் மண்ணை அமிலமாக்க முடியாமல் போகிறது. டோலமைட்டைச் செடிகளை வெட்டிவிடும் கவாத்து ஆண்டில் இடுவது வழக்கம். அளவை உங்கள் மண் பரிசோதனை அறிக்கையின்படியே தீர்மானியுங்கள்.