முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று: ரிவர்ஸ் ட்ரைக் வாங்குமுன்

கேள்வி: பல வருடமாக பைக் ஓட்டுகிறேன். இப்போது முழங்கால் வலி. கனமான வண்டியை நிறுத்தும்போது காலை ஊன்றித் தாங்க முடியவில்லை. அதனால் முன்னால் இரண்டு சக்கரமும் பின்னால் ஒன்றும் உள்ள ரிவர்ஸ் ட்ரைக் வாங்க நினைக்கிறேன். கேன்-ஆம், பொலாரிஸ், யமஹா, பியாஜியோ என்று ஆளுக்கொன்று வைத்திருக்கிறார்கள். எதை எடுப்பது?

பதில்: கம்பெனியை அப்புறம் பார்க்கலாம். வளைவில் வண்டி சாய வேண்டுமா, வேண்டாமா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். நீங்கள் சொன்ன நான்கு பெயர்களில் பாதி அங்கேயே கழிந்துவிடும்.

பியாஜியோ 2006-இல் கொண்டுவந்த எம்பி3 சாயும் வகை. முன்சக்கரங்கள் இரண்டும் வண்டியோடு சேர்ந்தே சாயும். யமஹாவின் ட்ரைசிட்டியும் (2014), 847 சிசி எஞ்சினோடு வந்த நிக்கெனும் (2018) அதே வகைதான். ஓட்டும் முறை முழுக்க பைக்கினுடையது. ஈரச் சாலையில் முன்பக்கப் பிடிப்பு கூடுதலாகக் கிடைக்கும், அதுதான் லாபம். ஆனால் நிக்கென் தானாக நிற்காது, சிக்னலில் காலை ஊன்றியே ஆகவேண்டும். உங்கள் முழங்காலுக்கு அது சரிவராது. எம்பி3-இல் நிற்கும்போது சாய்வைப் பூட்டி வைக்கலாம். ட்ரைசிட்டி 300-இலும் அப்படி ஒரு வசதி உண்டு. ஆனால் இரண்டும் ஸ்கூட்டர்கள். பெரிய பைக்கில் பழகியவருக்கு மனம் ஒப்புமா என்று ஓட்டிப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

கனடாவின் பிஆர்பி நிறுவனம் 2007-இல் அறிமுகப்படுத்திய கேன்-ஆம் ஸ்பைடர் சாயாத வகை. நிறுத்தினால் அப்படியே நிற்கும், ரிவர்ஸ் கியரும் இருக்கிறது. முழங்காலுக்கு நிம்மதி. ஆனால் பைக்கில் ஊறிய கை இதில் முதலில் தடுமாறும். வேகத்தில் வலப்பக்கம் திரும்ப பைக்கில் வலது கைப்பிடியை லேசாக முன்னால் தள்ளுவோம். ஸ்பைடரில் அப்படித் தள்ளினால் வண்டி இடப்பக்கம் போகும். வளைவில் உடம்பு வெளிப்பக்கம் தள்ளப்படுவதால் நீங்கள்தான் உள்பக்கம் சாய்ந்துகொள்ள வேண்டும். கைப் பிரேக்கும் கிடையாது. வலது கால் பெடல் ஒன்றே மூன்று சக்கரத்தையும் பிடிக்கும். அவசரத்தில் விரல்கள், அங்கே இல்லாத பிரேக் லீவரைத் தேடும். ஆகவே காலியான மைதானத்தில் நிதானமாகப் பழகாமல் சாலைக்கு எடுத்துச் செல்லாதீர்கள். அனுபவசாலிகளுக்குத்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

2018-இல் அதே பிஆர்பி சாயாத வகையிலேயே ரைக்கரை இறக்கியது. வந்தபோது அமெரிக்காவில் ஆரம்ப விலை 8,499 டாலர். கிளட்ச் இல்லை, கியர் மாற்றும் வேலை இல்லை. கால்வைக்கும் இடத்தையும் ஹேண்டில்பாரையும் ஸ்பானர் இல்லாமலே நகர்த்திக்கொள்ளலாம். பொலாரிஸ் 2014-இல் கொண்டுவந்த ஸ்லிங்ஷாட் வேறு ரகம்: ஸ்டீயரிங், சீட் பெல்ட், பக்கத்தில் பக்கத்தில் இரண்டு இருக்கை. வந்தபோது விலை 19,999 டாலர். கூரையில்லாத காருக்கு ஆசைப்படுகிறவருக்கு அது பொருந்தும். பைக்கை விட மனமில்லாத உங்களுக்கு வேண்டாம்.

துணையோடு நீண்ட பயணம் என்றால் ஸ்பைடரின் நெடும்பயண மாடலான ஆர்டி. தனியாகச் சுற்றத்தான் என்றால் ரைக்கரே போதும், மிச்சப் பணத்தில் நல்ல ஹெல்மெட்டும் ஜாக்கெட்டும் வாங்குங்கள்.

கேள்வி: மூன்று சக்கரம் இருப்பதால் கவிழாது, கார் மாதிரி பாதுகாப்பு என்கிறார் விற்பனையாளர். நம்பலாமா?

பதில்: பாதிதான் உண்மை. பிரேக் பிடிக்கும்போது எடை முன்னால் பாயும். அங்கே இரண்டு சக்கரம் இருப்பதால், முன்னால் ஒன்று மட்டும் உள்ள ட்ரைக்கைவிட இது நிலையாக நிற்கும். ஆனாலும் சாயாத வகையை வளைவில் வேகமாகத் திருப்பினால் உள்பக்கச் சக்கரம் தரையை விட்டு எழும்பும். ஸ்பைடரில் உள்ள நிலைத்தன்மைக் கட்டுப்பாடு அதை உணர்ந்து எஞ்சின் விசையைக் குறைக்கும், தேவையான சக்கரத்தில் பிரேக் போடும். ஓரளவுக்குத்தான் அது காப்பாற்றும்.

காரோடு ஒப்பிடுவது தவறு. அமெரிக்க மத்திய விதிகளில் மூன்று சக்கர வண்டி மோட்டார்சைக்கிள் கணக்கில் சேரும். காருக்கான மோதல் பாதுகாப்புத் தரங்கள் இதற்குப் பொருந்தாது. சீட் பெல்ட் இருக்கும் ஸ்லிங்ஷாட்டிலும் சட்டம் கேட்டாலும் கேட்காவிட்டாலும் ஹெல்மெட் போடுங்கள்.

இன்னொன்று: பள்ளத்தை இரண்டு சக்கரத்துக்கு நடுவில் விட்டுப் போகும் கார்ப் பழக்கம் இதில் உதவாது, பின்சக்கரம் நேராக அதில்தான் இறங்கும். எண்ணெய் சொட்டிக் கிடப்பதும் தடத்தின் நடுவில்தான்.

கேள்வி: கார் உரிமம் போதுமா?

பதில்: இடத்துக்கு இடம் மாறும். அமெரிக்காவின் பல மாநிலங்கள் ஸ்லிங்ஷாட் போன்றவற்றை ‘ஆட்டோசைக்கிள்’ என்று தனியாகப் பிரித்து, கார் உரிமத்திலேயே விடுகின்றன. ஸ்பைடருக்கு அதே மாநிலத்தில் வேறு விதி இருக்கலாம். பிரான்சில் முன்சக்கர இடைவெளி அகலமான எம்பி3-ஐ, கார் உரிமம் உள்ளவர் 7 மணி நேரப் பயிற்சி முடித்து ஓட்டலாம். முன்பணம் கட்டும் முன்பே உரிம அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: ஹோண்டாவும் கவாசாகியும் வந்தால் விலை குறையும் அல்லவா, காத்திருக்கலாமா?

பதில்: வேண்டாம். கவாசாகி 2013-இலும் ஹோண்டா 2015-இலும் டோக்கியோ கண்காட்சியில் இந்த வகையில் மாதிரி வண்டிகளைக் காட்டின. அவை கடைக்கு வரவில்லை. சாயும் வகையில் காப்புரிமைச் சிக்கலும் உண்டு. பெஜோவின் மூன்று சக்கர ஸ்கூட்டரான மெட்ரோபோலிஸ், பியாஜியோவின் காப்புரிமையை மீறியதாக 2021-இல் பாரிஸ் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே புதிதாக நுழைவது எளிதல்ல. ஹார்லியின் ட்ரை கிளைடில் இரண்டு சக்கரம் பின்னால் இருக்கிறது, அது இந்தப் போட்டியிலேயே இல்லை.

கேள்வி: பழைய ஸ்பைடர் ஒன்று மலிவாக வருகிறது. எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: முதலில் பின் டயர். எஞ்சினின் மொத்த விசையும் அந்த ஒன்றில்தான் இறங்குகிறது, சீக்கிரம் தேயும். நடுப்பகுதி மட்டும் வழுவழுவென்று இருந்தால் புது டயர் விலையைக் கழித்துக் கேளுங்கள். முன் டயர்களில் தேய்மானம் ஒரு ஓரத்தில் மட்டும் இருந்தால் அலைன்மென்ட் கெட்டிருக்கிறது, அல்லது வண்டி எங்கோ இடித்திருக்கிறது. சேஸிஸ் எண்ணைக் கொடுத்து, கம்பெனி வண்டிகளைத் திரும்ப அழைத்த (ரீகால்) பழுதுகள் எல்லாம் சரிசெய்யப்பட்டனவா என்று டீலரிடம் எழுத்தில் வாங்குங்கள். சர்வீஸ் செய்யும் டீலர் அருகில் இல்லையென்றால் எவ்வளவு மலிவாக வந்தாலும் விட்டுவிடுங்கள். இதன் மின்னணுக் கோளாறுகளைப் பார்க்க கம்பெனியின் கருவி வேண்டும், சாதாரண பைக் மெக்கானிக்கிடம் அது இருக்காது.