ரீகாவில் யாராவது அவசரப்படுத்தினால்

லாட்வியாவின் தலைநகர் ரீகாவுக்குப் படிக்க வந்திருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருந்தார்: "பழைய நகரத்தில் ஒரு உணவகத்தில் பகுதிநேர வேலை, அண்ணா. சமையலறையில் எல்லாரும் அவசரப்படுத்துகிறார்கள் என்பது தெரிகிறது. ஆனால் திட்டுகிறார்களா, சாதாரணமாகத்தான் சொல்கிறார்களா என்று புரியவில்லை. ஆங்கிலத்தில் எனக்குத் தெரிந்த அவசரச் சொற்களுக்கெல்லாம் லாட்வியனில் என்ன?"

தம்பி, ஆங்கிலத்தில் ஹரி அப், கெட் எ மூவ் ஆன், ஸ்டெப் ஆன் இட், சாப் சாப் என்று ஒரு பட்டியலே இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஈடு தேடி மனப்பாடம் செய்துகொண்டிருக்காதீர்கள். உங்கள் சமையலறைக்கு நாலைந்து சொற்கள் போதும்.

அதிகம் காதில் விழுவது 'ஆத்ராக்'. ஆத்ரி என்றால் வேகமாக, ஆத்ராக் என்றால் இன்னும் வேகமாக. அதில் திட்டு எதுவும் கிடையாது. நம் ஊரில் "கொஞ்சம் சீக்கிரம் பாருப்பா" என்போம். அந்தக் 'கொஞ்சம்', அந்தப் 'பா' இரண்டையும் இங்கே வேலை நேரத்தில் எதிர்பார்க்காதீர்கள். ஒற்றைச் சொல்லாக வந்து விழும், காதுக்கு அதட்டல் மாதிரி இருக்கும். சொன்னவர் அடுத்த நிமிடமே உங்களுக்குக் காபி ஊற்றித் தருவார்.

'குஸ்தியெஸ்' என்றால் கதை வேறு. "நகரு, கையைக் காலை ஆட்டு" என்ற பொருள், அதாவது கெட் எ மூவ் ஆன். குஸ்திக்குக் கூப்பிடவில்லை, ஆனால் பொறுமை போய்க்கொண்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். இதை நீங்கள் திருப்பி யாரிடமும் சொல்ல வேண்டாம். சாப் சாப்பும் அப்படியே. அதில் ஆங்கிலேயர் காதுக்குப் படுகிற அதிகாரத் தொனி, அதைச் சொல்லும் உங்கள் தலைமைச் சமையல்காரருக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை, அவருக்கும் ஆங்கிலம் இரவல்தான். அதற்காக நீங்களும் அவரிடம் சாப் சாப் என்றால் நன்றாக இருக்காது.

'தவாய், தவாய்' என்று கேட்டால் அது ரஷ்ய மொழியிலிருந்து வந்தது. ரீகாவில் ரஷ்யன் பேசுகிறவர்கள் நிறைய, லாட்வியர்களும் அதைப் பேச்சில் சகஜமாகப் போடுவார்கள். ஆரம்பி, வா, சரி, போகலாம் என எல்லாவற்றுக்கும் அது ஒன்றே. போனை வைக்கும்போதுகூடத் தவாய் சொல்வார்கள். 'பிஸ்த்ரேயே' என்பதும் ரஷ்யன்தான், ஆத்ராக்கின் அதே பொருள்.

இனி, நம் காது உண்மையிலேயே தடுமாறும் இடத்துக்கு வருகிறேன். 'பஸ்தெய்ட்ஸியெஸ்' என்றால் சீக்கிரம் வா, சீக்கிரம் செய். 'நெஸ்தெய்ட்ஸியெஸ்' என்றால் அவசரப்படாதே, அதாவது டேக் யுவர் டைம். இரண்டுக்கும் முதல் அசை மட்டும்தான் வேறு, மீதி எல்லாம் ஒன்று. தமிழில் இல்லை, வேண்டாம், ஆதே என்று மறுப்பு கடைசியில் வரும். அதனால் முடிவு வரட்டும் என்று நம் காது காத்திருக்கும். லாட்வியனில் மறுப்பு 'நெ' என்று தலையிலேயே வந்து உட்கார்ந்துவிடுகிறது. பாத்திரச் சத்தத்தில் நீங்கள் சொல்லின் வாலைப் பிடித்துக்கொண்டிருந்தால், மெதுவாகச் செய் என்று சொன்னவரைப் பார்த்துப் பதறிக்கொண்டு ஓடுவீர்கள். நல்லவேளை, பெரும்பாலான சொற்களில் அழுத்தம் முதல் அசையில்தான் விழும். அங்கே காதை வையுங்கள், போதும்.

உச்சரிப்பில் நமக்கு ஒரு வசதியும் இருக்கிறது. லாட்வியனில் உயிரெழுத்தின் மேல் கோடு போட்டிருந்தால் அது நெடில், இல்லாவிட்டால் குறில். இதைப் பிடிக்கத் திணறும் மற்ற நாட்டு மாணவர்கள் உண்டு, நமக்கு அது ஒன்றாம் வகுப்புப் பாடம். ஆத்ராக்கில் இரண்டு 'ஆ'வையும் நீட்டியே சொல்லுங்கள்.

மரியாதை விஷயத்தையும் கவனியுங்கள். மேலே சொன்ன 'யெஸ்' முடிவெல்லாம் நீ, வா, போ வகை. வாடிக்கையாளரிடமோ பல்கலைக்கழக அலுவலகத்து அம்மாவிடமோ "அவசரமில்லை, நிதானமாகப் பாருங்கள்" என்று சொல்ல 'நெஸ்தெய்ட்ஸியெத்தியெஸ்'. நீளம்தான். நீங்கள், வாருங்கள் போல வால் நீண்டால் மரியாதை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பதிலுக்கு நீங்கள் சொல்ல வேண்டியவை மூன்று. 'தூலீத்' என்றால் இதோ, உடனே. அகராதி அப்படித்தான் சொல்லும், புழக்கத்தில் நம் "இதோ வர்றேன்" எவ்வளவு உடனேயோ அவ்வளவு உடனே. இரண்டாவது, 'எஸ் ஸ்தெய்ட்ஸுவஸ்': நான் அவசரத்தில் இருக்கிறேன். டிராமைப் பிடிக்க ஓடும்போது வழியில் யாராவது பேச்சுக் கொடுத்தால் உதவும். மூன்றாவதுதான் முக்கியம், 'லேனாக், லூட்ஸு': இன்னும் மெதுவாக, தயவுசெய்து. வெட்கப்படாமல் கேளுங்கள். புரியாமல் தலையாட்டுகிறவரைவிடக் கேட்டுச் செய்கிறவரைத்தான் சமையலறை விரும்பும்.

எழுத்தில் வருவது வேறு மாதிரி. மின்னஞ்சல் தலைப்பில் 'ஸ்தெய்ட்ஸமி' என்றிருந்தால் அவசரம், அன்றே திறந்து பாருங்கள். 'பேட்ஸ் இயெஸ்பேயஸ் ஆத்ராக்' என்றால் முடிந்தவரை சீக்கிரம், ஆங்கிலத்தில் ஏஎஸ்ஏபி என்று சுருக்கி எழுதுவார்களே, அது. தெருவில் ஆம்புலன்சை 'ஆத்ரா பலீட்ஸீபா' என்பார்கள், விரைவு உதவி என்று பொருள். அதற்கு எண் 113. பொதுவான அவசர எண் 112. இரண்டையும் போனில் இப்போதே போட்டு வையுங்கள்.

பழமொழி கேட்கவில்லைதான், இருந்தாலும் ஒன்று. 'லேனாக் ப்ரௌக்ஸி, தாலாக் திக்ஸி': மெதுவாக ஓட்டினால் தூரம் போய்ச் சேருவாய். நம் "பதறாத காரியம் சிதறாது" அதற்குப் பக்கத்து வீடு. தலைதெறிக்க ஓடுவதற்கு அவர்களிடம் 'ப கல்வு, ப கக்லு' என்று ஒன்று உண்டு. தலையும் கழுத்தும் சேர்ந்தே அடிபடுகின்றன. டிசம்பரில் நடைபாதை உறைந்து கண்ணாடியாகக் கிடக்கும்போது அப்படி ஓடிப் பார்க்காதீர்கள், அவ்வளவுதான் சொல்வேன்.

ஷிப்டுக்குத் தாமதமாகாமல் இருக்க வேண்டுமானால் நேரம் சொல்லும் முறையைத் தெரிந்துகொள்ளுங்கள். 'புஸ்தெவிஞுவஸ்' வா என்றால் எட்டரைக்கு வா என்று அர்த்தம். புஸ் என்றால் அரை, தெவிஞி என்றால் ஒன்பது. ஒன்பதை நோக்கிப் பாதி தூரம் வந்தாயிற்று என்ற கணக்கு. நாம் அதை ஒன்பதரை என்று எடுத்துக்கொள்வோம். இதில் இன்னொரு சிக்கல்: பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் ஹாஃப் நைன் என்றால் ஒன்பதரை. மேலாளர் லாட்வியனில் யோசித்து ஆங்கிலத்தில் ஹாஃப் நைன் என்று சொன்னால், எட்டரையா ஒன்பதரையா என்று அங்கேயே கேட்டுவிடுங்கள். கேட்கக் கூச்சமாக இருந்தால் 8.30 என்று எண்ணில் அனுப்பச் சொல்லுங்கள்.