அமெரிக்கன் ஃபுட்பாலில் பந்தை எறிகிற ஆளான குவாட்டர்பேக்கைத் தேர்ந்தெடுக்கும்போது உயரம், கை அளவெல்லாம் ஏன் பார்க்கிறார்கள்? உயரம் குறைந்த பையன் ஆசைப்படலாமா?

கேள்வியைப் பார்த்தால் உங்கள் வீட்டிலும் ஒருவன் பந்தும் கையுமாக அலைகிறான் போலிருக்கிறது. தாராளமாக ஆசைப்படட்டும். நான் கோச் இல்லை, கம்ப்யூட்டர் தட்டிப் பிழைக்கிறவன். "உனக்கென்ன தெரியும்" என்று வருகிறவர்கள் வரிசையில் வரவும்.

நாங்கள் இருப்பது ஒஹையோவில். மகன் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தபோது புது கோச் பையன்களைச் சுவரோரம் நிற்கவைத்து உயரம் அளந்தார். இவன் ஐந்தடி எட்டு. "நீ பந்தைப் பிடிக்கிற ரிசீவராக ஓடு" என்று சொல்லிவிட்டார். ஒரு பந்து எறியச் சொல்லிப் பார்க்கவில்லை! அன்று ராத்திரி சாப்பாட்டு மேஜையில் கையை விரித்து வைத்து, கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனிவரை டேப்பால் அளக்கிறான். விரல் இடுக்கெல்லாம் வெளுத்துப்போகிற அளவுக்கு இழுக்கிறான். "அப்பா, ஒன்பது வந்துரும், இருங்க" என்கிறான்.

ஏன் ஒன்பது? வருஷாவருஷம் இண்டியானாபொலிஸில், தொழில்முறை லீகுக்கு வர நினைக்கும் கல்லூரி ஆட்களைச் சோதிக்க நடக்கும் கம்பைன் முகாமில் இப்படித்தான் கையை அளப்பார்கள். ஒன்பது அங்குலத்துக்குக் கீழே போனால் முகம் சுளிப்பார்கள். குளிரிலும் மழையிலும் சின்னக் கையிலிருந்து பந்து வழுக்கும் என்பது கணக்கு. எங்கள் ஊர்ப்பக்கத்து பெங்கால்ஸ் அணி, 2020 டிராஃப்டில் (லீக் அணிகள் புது ஆட்களைச் சுற்றுச் சுற்றாக எடுக்கிற தேர்வு) முதல் ஆளாக எடுத்த குவாட்டர்பேக் ஜோ பர்ரோவுக்கு சரியாக ஒன்பதுதான். இரண்டாவது சீசனிலேயே அணியை லீகின் இறுதிப்போட்டியான சூப்பர் பவுலுக்குக் கூட்டிப்போனார்.

உயரம் பார்ப்பதில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். முன்னால் ஆறரை அடி எதிரணி ஆட்கள் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும்போது, தாழ்வாக எறிகிற பந்து அங்கேயே தட்டுப்படும். ஆனால் ஆறடி ட்ரூ பிரீஸ் அந்த ஆட்களுக்கு நடுவே இடுக்கு தேடி, கால் மாற்றி எறிந்தே காலத்தை ஓட்டினார். ஐந்தடி பத்தேமுக்கால்கூட இல்லாத ரஸ்ஸல் வில்சனை 2012-இல் மூன்றாம் சுற்றுவரை யாரும் தொடவில்லை. இரண்டாவது சீசனிலேயே கோப்பை வாங்கிக் கொடுத்தார். அவர் கையோ பத்தேகால் அங்குலம்! மறுபக்கம் ஜமார்க்கஸ் ரஸ்ஸல், ஆறடி ஆறு அங்குலம், பீரங்கி மாதிரிக் கை. 2007-இல் முதல் ஆளாக எடுத்த ரெய்டர்ஸ் அணி 2010-இல் வீட்டுக்கு அனுப்பிவிட்டது.

என்னைக் கேட்டால் உயரத்தைவிட எடைக்குத்தான் பயப்படவேண்டும். அடி தாங்கணும் இல்லையா? 2023-இல் முதலில் போன பிரைஸ் யங்கின் ஐந்தடி பத்து உயரத்தோடு எடையையும் போட்டு அலசினார்கள். அது நியாயமான கவலை. அப்புறம் பார்க்கவேண்டியது, முடிவெடுத்த நொடியிலிருந்து பந்து கையைவிட்டுப் போக எவ்வளவு நேரம் ஆகிறது, ஆள் பாய்ந்து வரும்போது கண் எங்கே போகிறது என்பது. இதை டேப் வைத்து அளக்கமுடியாது, உட்கார்ந்து வீடியோ பார்க்கணும். அதற்குத்தான் சோம்பல்.

மகன் இப்போது ரிசீவர், நன்றாகவே ஓடுகிறான். பந்து எறிகிற பையன் ஆறடி இரண்டு. அவன் எறிகிற லட்சணத்தைச் சொல்ல ஆரம்பித்தால் வீட்டில் எனக்குத்தான் திட்டு விழும்.