மசகு எண்ணெய் விலை இறங்கினாலும் பெற்றோல் செட்டில் ஏன் இறங்குவதில்லை?

இலங்கையின் எரிபொருள் விலை பற்றி மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கமிருந்து வந்த கேள்விகளுக்கான பதில்கள் இவை. விலை மாதாமாதம் மாறுவதால் கணக்குகளில் முழு எண்களைப் போட்டிருக்கிறேன். முறையைப் பிடித்துக்கொண்டால் அன்றன்றைய எண்ணை நீங்களே போட்டுப் பார்க்கலாம்.

களுவாஞ்சிக்குடி, ஓட்டோ ஓட்டுநர்: மசகு எண்ணெய் பீப்பாய்க்கு 5 டொலர் குறைந்தது என்று செய்தியில் சொன்னார்கள். இங்கே ஒரு சதமும் குறையவில்லையே, அண்ணன்?

தம்பி, செய்தியில் வருவது உலகச் சந்தை அளவுகோலாக எடுக்கும் பிரெண்ட் மசகு எண்ணெயின் விலை. இங்கே விலையை நிர்ணயிக்கும் விலைச்சூத்திரம் பார்ப்பது சிங்கப்பூர்ச் சந்தையில் சுத்திகரித்த பெற்றோலும் டீசலும் விற்கும் விலையை. இரண்டும் உறவுக்காரர்கள்தான், ஆனால் கைகோத்து நடப்பதில்லை.

கணக்கு இப்படி. ஒரு பீப்பாய் 159 லீற்றர். சிங்கப்பூரில் பெற்றோல் 80 டொலர், ஒரு டொலர் 300 ரூபாய் என்று வையுங்கள். 80ஐ 159ஆல் பிரித்து 300ஆல் பெருக்கினால் லீற்றருக்கு ஏறத்தாழ 151 ரூபாய். இதற்கு மேல்தான் கப்பல் கூலி, காப்புறுதி, வரிகள், களஞ்சியச் செலவு, விற்பனையாளர் பங்கு எல்லாம் ஏறும். பீப்பாய்க்கு 1 டொலர் குறைந்தால் லீற்றருக்கு 1 ரூபாய் 90 சதம் அளவில்தான் குறையும். டொலர் 10 ரூபாய் ஏறினால் 5 ரூபாய் கூடிவிடும். எண்ணெய் இறங்கிய அதே மாதம் ரூபாயும் இறங்கினால் இரண்டும் கழிபட்டுப் போகும். 2022 மார்ச்சில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர், மே மாதம் 360ஐத் தொட்டது. அந்த வருட விலையேற்றத்தில் பாதிப் பழி ரூபாயுடையது.

அக்கரைப்பற்று, வேளாண்மை: பெற்றோலும் டீசலும் ஒரே எண்ணெயிலிருந்துதானே வருகின்றன? பெரும்போக அறுவடை நேரம் டீசல் மட்டும் ஏன் ஏறுகிறது?

அறுவடைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. குளிர்நாடுகளில் வீடு சூடாக்கும் எண்ணெயும் டீசலும் மசகு எண்ணெயிலிருந்து பிரியும் ஒரே பங்கு. நமது பெரும்போகம் அவர்களது குளிர்காலத்தோடு ஒத்துப்போகிறது, அவ்வளவுதான்.

மசகு எண்ணெயை 350 பாகைக்கு மேல் சூடாக்கிக் சுத்திகரிப்புக் கோபுரத்துக்குள் விட்டால், எரிவாயுவும் பெற்றோலுக்கு மூலமான நாப்தாவும் மேலே போகும், நடுவில் மண்ணெண்ணெய், அதற்குக் கீழே டீசல், அடியில் உலை எண்ணெயும் தாரும். எந்தப் பங்கு எவ்வளவு வரும் என்பது எண்ணெயின் குணத்தைப் பொறுத்தது. டீசல் வேண்டும் என்பதற்காக அதை மட்டும் இறக்க முடியாது. அதனால் உலகில் டீசலுக்குத் தட்டுப்பாடு வந்தால், டீசல் விலைக்கும் மசகு எண்ணெய் விலைக்கும் இடையிலுள்ள வித்தியாசம் விரியும். 2022 ஜூனில் அது சிங்கப்பூரில் பீப்பாய்க்கு 50 டொலரையும் தாண்டியது. அந்த மாதம் 26ஆம் திகதி இங்கே டீசல் 460 ரூபாய்க்குப் போனதில் இதற்கும் பங்குண்டு.

வாழைச்சேனை, கடற்றொழில்: 87 ரூபாய் மண்ணெண்ணெயை ஒரே இரவில் 340 ஆக்கினார்களே. அது எந்தக் கணக்கு?

2022 ஆகஸ்ட் விலையேற்றத்தைச் சொல்கிறீர்கள். 87 என்பது விலையே அல்ல, நட்டத்தை ஒளித்து வைத்த எண். மண்ணெண்ணெயும் விமான எரிபொருளும் கோபுரத்தில் ஏறத்தாழ ஒரே தட்டில் இறங்குபவை. விமானத்துக்கு விற்றால் டொலர் கிடைக்கும். மானிய விலையால் வேறொரு கெடுதியும் வந்தது: 460 ரூபாய் டீசலில் 87 ரூபாய் மண்ணெண்ணெயைக் கலந்தார்கள். மண்ணெண்ணெயில் வழுவழுப்புக் குறைவு. டீசல் எஞ்சினின் இஞ்செக்டர் பம்ப் அந்த எண்ணெயாலேயே உராய்வு தணிகிறது, ஆகவே பம்ப்தான் முதலில் தேயும். ஆனாலும் ஒரே நாளில் 253 ரூபாய் ஏற்றியது சிறுபோட்காரரின் வயிற்றில் அடித்த வேலைதான். விலையைப் படிப்படியாக ஏற்றி, தொழிலாளிக்குத் தனியாகக் கைகொடுத்திருக்கலாம்.

காத்தான்குடி, கடை வியாபாரம்: ஈரானும் ரஷ்யாவும் மலிவாகத் தர நிற்கும்போது ஏன் வாங்குவதில்லை, நானா?

எண்ணெய் கிடைக்கும். காசு கொடுக்கும் வழிதான் அடைபட்டது.

சப்புகஸ்கந்த சுத்திகரிப்பு நிலையம் 1969இல் தொடங்கியது, ஈரானின் இலகு எண்ணெயை மனதில் வைத்துக் கட்டியது. 2012இல் அமெரிக்கா, ஈரானின் மத்திய வங்கியோடு எண்ணெய்க் கொடுக்கல்வாங்கல் செய்யும் வெளிநாட்டு வங்கிகளைக் குறிவைத்தது. டொலர்க் கொடுப்பனவு நியூயோர்க் வழியாகப் போவதால், நமது வங்கி எல்சி (இறக்குமதிக்கான கடன் கடிதம்) திறக்கவே பயப்படும். அதன்பின் வேறு எண்ணெய்க்கு மாற வேண்டி வந்தது. அதிக இலகுவான எண்ணெயை அந்தக் கோபுரத்தில் விட்டால் மேல்பகுதியில் நாப்தாவும் வாயுவும் நிறைந்துவிடும், ஓட்டத்தைக் குறைக்க வேண்டியிருக்கும். பழைய ஈரான் கடன் 251 மில்லியன் டொலரைத் தேயிலையால் அடைக்க 2021 டிசம்பரில் ஒப்பந்தம் செய்ததும் காசு கொடுக்கும் வழி அடைபட்டதால்தான்.

ரஷ்யாவின் கதை வேறு. 2022 டிசம்பரில் ஜி7 நாடுகள் பீப்பாய்க்கு 60 டொலர் உச்சவிலை வைத்தன. அதற்கு மேல் விற்றால் அவர்களது காப்புறுதியும் கப்பலும் கிடைக்காது. பெரும்பாலான எண்ணெய்க் கப்பல்களின் காப்புறுதி அவர்கள் கையில். ஆகவே மலிவு என்று சொல்லும் சரக்கிலும் கப்பல் கூலி, காப்புறுதி, இடைத்தரகர் என்று தள்ளுபடியில் ஒரு பங்கு கரைந்துவிடும். 2022இல் ரஷ்ய எண்ணெய் சப்புகஸ்கந்தவுக்கு வந்ததும் உண்மை. அப்போது நமக்கு இல்லாமல் போனது டொலர்தான். கொழும்புக்கு வெளியே கப்பல் நின்றுகொண்டே இருக்கும். நிற்கிற ஒவ்வொரு நாளுக்கும் தாமதக் கட்டணம்.

கல்முனை, ஆசிரியர்: மாதக் கடைசியில் செட்டில் “எண்ணெய் இல்லை” என்கிறார்கள். பதுக்கல்தானே?

சில இடத்தில் பதுக்கல், பல இடத்தில் பயம். செட்காரர் முன்பணம் கட்டித்தான் எண்ணெய் எடுக்கிறார். 6,600 லீற்றர் பௌசர் ஒன்றை 31ஆம் திகதி இறக்கி, நள்ளிரவில் விலை 10 ரூபாய் குறைந்தால் அவருக்கு 66,000 ரூபாய் போச்சு. ஏறும் என்று வதந்தி வந்தால் இதற்கு நேர்மாறு, இருப்பதை விற்க மனம் வராது. 2025 மார்ச்சில், செட்காரருக்குக் கொடுத்துவந்த 3 வீதக் கழிவு பற்றிய தகராறில் வரிசை வந்தது வேறு விஷயம். நீங்கள் செய்யக்கூடியது, மாதத்தின் கடைசி இரண்டு நாட்களுக்குத் தாங்கியை வெறுமையாக விடாமல் 25ஆம் திகதியளவில் நிரப்பிவிடுவது.

பொத்துவில்: கொழும்பை விட இங்கே சில ரூபாய் கூட ஏன்?

அறிவிக்கும் விலை கொழும்புக்கு. தூரத்துக்குப் போக்குவரத்துச் செலவு சேரும். மட்டக்களப்புக்குக் கொழும்புப் பக்கம் கொலன்னாவைக் களஞ்சியத்திலிருந்து ரயிலில் எண்ணெய் வருகிறது. 2024 அக்டோபரில் மின்னேரியாப் பக்கம் அந்த ரயில் யானைக் கூட்டத்தில் மோதித் தடம்புரண்டு எண்ணெய் கொட்டியது. ரயில் நின்றால் பௌசர்தான், அதற்குச் செலவு கூட.

ஏறாவூர்: வரியை எடுத்தால் பாதி விலைக்கு வருமாமே?

பாதிக்கு வராது. ஆனால் நிறையக் குறையும். சுங்க வரி, உற்பத்தி வரி எல்லாம் சேர்ந்த தொகைக்கு மேலேதான் 2024 ஜனவரியிலிருந்து பெற்றோலுக்கு 18 வீத வற் (பெறுமதி சேர் வரி) விழுகிறது, அதாவது வரிக்கும் வரி. அதோடு இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்தின் பழைய கடனுக்காக லீற்றருக்கு 50 ரூபாய் திறைசேரிக்குப் போவதாக அரசே சொல்லியிருக்கிறது. பெற்றோலின் சிங்கப்பூர் விலை குறைந்தாலும் இந்த 50 நகராது. அடுத்த தடவை “விலை குறைப்போம்” என்று யாராவது வாக்குக் கேட்டு வந்தால், இந்த 50ஐ எந்த வருடம் எடுப்பார்கள் என்று கேளுங்கள்.