காணி வாங்கி விற்றுப் பிழைக்கலாமா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணை, எனக்கு 27 வயது. கிளிநொச்சியில் லீசிங் கம்பனி ஒன்றில் வேலை செய்கிறேன். கையில் 15 இலட்சம் சேர்ந்திருக்கிறது. வேலையை விட்டுவிட்டுக் காணி வாங்கி விற்கும் தொழிலில் இறங்கலாமா? நீங்கள் எப்படி இதற்குள் வந்தீர்கள்?
(ஒரு வாசகர், பரந்தன்)

பதில்: தம்பி, வேலையை இப்போது விடாதீர்கள்.

2010 இல் இடம்பெயர்ந்த சனம் இருந்த செட்டிக்குளம் முகாமிலிருந்து ஊருக்குத் திரும்பியபோது என்னிடம் ஒரு சைக்கிளும் ஒரு கத்தியும்தான் இருந்தன. வெளிநாட்டில் இருந்தவர்கள் தங்கள் வளவில் பற்றை வெட்டித் துப்புரவாக்கச் சொல்லிக் காசு அனுப்பினார்கள், அப்படி ஒவ்வொரு காணியாக வெட்டி வெட்டித்தான் எந்த எல்லைக்கல் எங்கே புதைந்து கிடக்கிறது, எந்தக் கிணறு ஆடியில் வற்றும், எந்த வளவு யாருடைய சீதனம் என்பதெல்லாம் எனக்குத் தெரிய வந்தது. அப்புறம் வாங்குபவரையும் விற்பவரையும் சேர்த்துவிட்டுக் கொமிசன் எடுத்தேன். சொந்தமாக முதல் காணி வாங்கியது 2012 இல். அதில்தான் அடி விழுந்தது.

ஒட்டுசுட்டான் பக்கம் 2 ஏக்கர். விற்றவர் உரிமையாளர் இல்லை, அவருக்குப் பதிலாக விற்கும் அதிகாரப் பத்திரமான அற்றோணித் தத்துவம் வைத்திருந்த உறவினர். உறுதி சரி, பிளான் சரி, காணி யார் யார் கைக்கு மாறியது என்று காட்டும், காணிப் பதிவகத்தில் எடுத்த தோம்பும் சரி. மனைவியின் நகையை அடகு வைத்துக் காசு கட்டினேன். 3 வருடம் கழித்து உரிமையாளரின் மகள் வந்து தகப்பனின் இறப்புச் சான்றிதழை நீட்டினார். அவர் 2009 இலேயே இறந்துவிட்டார். தத்துவம் கொடுத்தவர் இறந்தால் அந்தத் தத்துவமும் அன்றோடு முடிந்துவிடும், இருக்கிறாரா என்று உறுதி எழுதிய நொத்தாரிசும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. தகப்பனைப் புதைத்த இடமே அந்தப் பிள்ளைக்குத் தெரியாது, அவர் கையால் வைத்த 6 தென்னை அந்தக் காணியில் நின்றது. திருப்பிக் கொடுத்துவிட்டேன். உறவினரிடமிருந்து பாதிக் காசுதான் வந்தது, நகையை மீட்க 4 வருடம் பிடித்தது.

அன்றிலிருந்து நான் காணியைப் பார்க்க முதல் ஆளைத்தான் பார்க்கிறேன். உரிமையாளரோடு நேரிலோ வீடியோவிலோ பேசாமல் ஒரு ரூபாய் முற்பணம் கொடுப்பதில்லை. இடம்பெயர்ந்தும் செத்தும் சிதறியும் போன சனத்தின் காணிகள் இவை. வேலியில்லாமல் கிடப்பதால் ஆளில்லாத காணி என்று ஆகிவிடாது.

அடுத்தது, உறுதி எழுதிய சொந்தக் காணியா, அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த பெமிற் காணியா என்று பாருங்கள். கிளிநொச்சியில் குடியேற்றம் தொடங்கியது 1936 இல், அதற்கு முதல் வருடம் வந்த காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ்தான் குடியேற்றத் திட்டக் காணிகள் பெமிற்றில் கொடுக்கப்பட்டன. பெமிற் காணியை விற்க முடியாது. அரசின் அளிப்புப் பத்திரம் கிடைத்த காணியையும் பிரதேச செயலாளரின் எழுத்து அனுமதி முன்கூட்டியே இல்லாமல் விற்றால் அந்த விற்பனை செல்லாது. வெள்ளைத்தாளில் எழுதி முத்திரை ஒட்டிக் கையெழுத்து வைத்து எத்தனையோ பேர் காசு கொடுத்திருக்கிறார்கள், அந்தத் தாளைக் கொண்டு போனால் எந்த நீதிமன்றமும் காணியை எழுதித் தராது. வயல் என்றால், கமநல அபிவிருத்தி ஆணையாளர் நாயகத்தின் அனுமதி இல்லாமல் மண் போட்டு நிரப்பக் கூடாது, 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கச் சட்டம் அது. மலிவாகக் கிடைக்கிறதே என்று வயலை வாங்கி வீட்டுக்காணியாக்க நினைத்தவர்கள் இன்னும் நெல்தான் விதைக்கிறார்கள்.

காணி பார்க்க மார்கழியில் போங்கள். சித்திரையில் எல்லாக் காணியும் மேட்டுக்காணி மாதிரித்தான் தெரியும். 2018 மார்கழியில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்தபோது கண்டாவளைப் பக்கம் எந்தெந்த வளவுக்குள் தண்ணீர் ஏறியது என்று அயலவர்களைக் கேளுங்கள், அவர்கள் சுவரில் கை வைத்துக் காட்டுவார்கள்.

காசுக் கணக்கும் சொல்லிவிடுகிறேன். முத்திரை வரி முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், மீதிக்கு 4 வீதம். 50 இலட்சம் காணிக்கு 199,000 ரூபாய் வரும். அதன் மேல் நொத்தாரிசு, நில அளவையாளர், வேலி, கிணறு, துண்டு பிரித்தால் பிரதேச சபை அனுமதி. இவ்வளவும் போட்டபின் வாங்க ஆள் வர ஒரு வருடமும் ஆகும், 4 வருடமும் ஆகும். அந்த நாட்களில் வீட்டு அடுப்பு உங்கள் சம்பளத்தில்தான் எரிய வேண்டும். இப்போதைக்குச் சனி ஞாயிறில் நல்ல தரகர் ஒருவரோடு திரியுங்கள், 20 தோம்பாவது வாசித்துப் பழகுங்கள், 15 இலட்சத்தைத் தொடாதீர்கள்.

கேள்வி: நான் கனடாக் குடியுரிமை எடுத்துவிட்டேன். மாங்குளத்தில் ஏ9 ஓரமாக ஒரு காணி வாங்கி, ஊரில் இருக்கும் தங்கச்சியின் பெயரில் எழுதலாமா?
(ஒரு வாசகர், ரொறன்ரோ)

பதில்: 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டுக் குடிமக்களுக்கு இங்கே காணி எழுத முடியாது. இரட்டைக் குடியுரிமை இருந்தால் எழுதலாம், இல்லாவிட்டால் 99 வருடம் வரை குத்தகைக்கு எடுக்கலாம். தங்கச்சியின் பெயரில் எழுதினால் அது தங்கச்சியின் காணி, மனதுக்குள் நீங்கள் என்ன நினைத்திருந்தாலும் சரி. வடக்குத் தமிழருக்கான வழமைச் சட்டமான தேசவழமைப்படி மணமான பெண் காணியை விற்கக் கணவரின் எழுத்துச் சம்மதமும் வேண்டும். அவர்கள் நல்லவர்களாகவே இருக்கட்டும், நாளைக்கு அவர்களின் பிள்ளைகளுக்கும் உங்கள் பிள்ளைகளுக்கும் இடையில் ஏன் ஒரு வழக்கை விதைக்கிறீர்கள்? முதலில் இரட்டைக் குடியுரிமைக்கு விண்ணப்பியுங்கள். காணியில் பங்குக்காரர் இருந்தால் விற்பவர் அவர்களுக்கு முறைப்படி அறிவித்தல் கொடுத்தாரா என்றும் பாருங்கள், கொடுக்காவிட்டால் அவர்கள் வழக்குப் போட்டுக் காணியைத் திருப்பி எடுக்கலாம்.

உங்கள் அப்பா அம்மாவின் பழைய காணி வன்னியில் இருந்தால் அந்தக் கடதாசிகளையும் இப்போதே தேடி எடுங்கள். 2025 மார்ச்சில் வந்த வர்த்தமானி வடக்கில் 5,900 ஏக்கருக்கு மேற்பட்ட காணிக்கு 3 மாதத்துக்குள் உரிமை கோரச் சொன்னது, உயர் நீதிமன்றம் ஜூனில் இடைக்காலத் தடை விதித்தது. கையில் கடதாசி இல்லாமல் அந்த 3 மாதமும் எத்தனை பேர் கச்சேரிப் படியில் ஏறி இறங்கினார்கள் என்று நான் கண்ணால் பார்த்தேன்.

கேள்வி: அப்பாவின் பெயரில் பெமிற் காணி, அப்பா இல்லை, அம்மா இருக்கிறா. ஒரு முதலாளி 8 இலட்சம் தருகிறேன், கையெழுத்து வை என்கிறார். காணி மூத்த அண்ணாவுக்குத்தான் என்கிறார்கள். நான் மகள், எனக்கு ஒன்றும் இல்லையா?
(ஒரு வாசகி, வட்டக்கச்சி)

பதில்: கையெழுத்து வைக்காதீர்கள் தங்கச்சி, அம்மாவையும் வைக்க விடாதீர்கள். அம்மா இருக்கும்வரை முதல் உரிமை அவருக்கு. தனக்குப் பிறகு காணி பெறும் பின்னுரித்தாளராக யாரையாவது அப்பா பதிந்திருக்கிறாரா என்று பாருங்கள். பதியாவிட்டால் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தில் ஆண் பிள்ளைக்கு முதலிடம் என்றிருந்த அட்டவணை 2022 திருத்தத்தோடு மாறிவிட்டது, மகன் மகள் என்ற பேதம் இப்போது இல்லை. பெமிற், அப்பாவின் இறப்புச் சான்றிதழ், அம்மாவின் விவாகப் பதிவு, உங்கள் பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றிலும் இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு, அம்மாவையும் கூட்டிக்கொண்டு பிரதேச செயலகக் காணிக் கிளைக்குப் போங்கள். மூலப் பத்திரத்தை யார் கேட்டாலும் கையை விட்டுக் கொடுக்க வேண்டாம்.